அணையாத பச்சை

கோட்டின் இடது கை ஏறவில்லை. ப்ரீதா இறந்துபோன அண்ணன் வெஸ்லினின் விறைத்த முழங்கையைத் தேய்த்துத் தேய்த்து மடக்கப் பார்த்தாள். கடைசியில் ஆஞ்சப்பன்தான் கத்தரியால் கோட்டின் முதுகைப் பிளந்து இரு பக்கமும் செருகிவிட்டார். வெஸ்லினோடு பதினாறு வருடம் கம்பெனியில் ஒரே லைனில் நின்று வேலை பார்த்தவர். விடிகாலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது தாங்கியவரும் அவரே. நாலு மணிக்கு அடக்கம்.

"பாப்பா, கொஞ்சம் உள்ள வர்றியா?"

அவள் அறைக்குள் வந்ததும் ஆஞ்சப்பன் செல்போனை நீட்டினார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாது. வெஸ்லின் புரோகிராம் எழுதிக் குடுத்த ஷேர் சார்ட்டு இது. பின்னாடி பச்சை இருந்தா வெச்சிருங்க, செவப்பு வந்தா வித்துருங்கன்னான். காலையில இருந்து விலை எறங்கிட்டே கெடக்குது, பச்சை மட்டும் போவவே மாட்டேங்குது. லைன்ல பதினோரு பேர் இதை நம்பித்தான் வாங்கியிருக்கறோம். என்னுது பொண்ணு கல்யாணத்துக்கு வெச்சிருந்தது."

திரை முழுக்க ஒரே பச்சை.

நேற்று மத்தியானம் வெஸ்லின் கூப்பிட்டபோது அவள் பெங்களூர் ஆபீசில் மீட்டிங்கில் இருந்தாள்.

"பச்சை ஒரு கட்டத்துல வந்துட்டு அடுத்ததுலயே காணாமப் போயிருது பாப்பா. எதிர் சிக்னல் வர்ற வரைக்கும் நிக்கணும். என்ன பண்றது?"

"முந்தின கலரை ஞாபகம் வெச்சுக்கற மாதிரி ஒரு வரி சேருண்ணா. அப்புறம் பேசறேன்."

எப்போது அதை மறக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு வரி உண்டு. அதைச் சொல்லவில்லை. அப்புறம் பேசவும் இல்லை.

அண்ணனின் லேப்டாப்பைத் திறந்தாள். அந்த ஒற்றை வரி அப்படியே இருந்தது. அதற்கு மேலே 'ப்ரீதா சொன்னது' என்று குறிப்பு எழுதி வைத்திருந்தான்.

அம்மா ஜெபசீலி கதவோரம் வந்து நின்றாள்.

"அண்ணன் அங்க கெடக்கறான். நீ இங்க உக்காந்து தட்டிட்டிருக்கற?"

ப்ரீதா நிமிரவில்லை. அம்மா திரும்பிப் போனாள்.

விட்டுப்போன வரியைச் சேர்த்து அனுப்பினாள். ஆஞ்சப்பனின் போனில் சார்ட்டு காலை பத்தேகாலுக்கு அப்புறம் எல்லாம் சிவப்பாக மாறியது. இப்போது மணி ஒன்றரை.

"பத்தேகாலுக்கே வித்திருக்கணுமா?"

"ஆமாண்ணா."

"வெஸ்லின் தப்பா எழுதிட்டானா?"

"இல்லண்ணா. நான்தான் பாதி சொல்லிட்டு போனை வெச்சுட்டேன். எல்லார்கிட்டயும் அப்படியே சொல்லுங்க."

அவர் வெளியே போனார். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். பந்தலுக்குக் கீழே லைனில் வேலை பார்க்கும் நீலச் சட்டைக்காரர்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். ஒவ்வொருவராகப் போனை எடுத்தார்கள். ஒருவர் அப்படியே தரையில் குந்திவிட்டார். யாரும் மேலே பார்க்கவில்லை.

நாலு மணிக்குப் பெட்டியைத் தூக்க அவர்களேதான் வந்தார்கள். இரண்டாவது மாடி. படிக்கட்டுத் திருப்பத்தில் பெட்டி மாட்டிக்கொண்டது. "நிதானா, நிதானா" என்று பின்னாலிருந்து ஒருவர் கன்னடத்தில் சொன்னார். சொரசொரப்பான சுவரில் பெட்டி உரசிவிடாமல் ஆஞ்சப்பன் நடுவில் தன் புறங்கையைக் கொடுத்திருந்தார். கீழே இறங்கும்வரை அதை எடுக்கவில்லை.