மூன்றாவது கேள்வி

தப்பு மேளம் ஓய்ந்த இடைவெளியில், வினோதாவின் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. அவள் அப்போது அண்ணனின் காதோரம் வழிந்த சந்தனத்தை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். குளவி கொட்டி வீங்கிய முகம் அண்ணனுடையதாகவே இல்லை. எங்கோ பஸ்ஸில் பார்த்த ஒரு தடித்த ஆளுடையதாக இருந்தது. போன் பார்க்கிற நேரமா இது என்று தன்னையே திட்டிக்கொண்டுதான் எடுத்துப் பார்த்தாள்.

யோகேஸ்வரன் என்ற பெயரில் சர்வருக்குள் நுழைய முயற்சி, தோல்வி, பிற்பகல் இரண்டு பதினேழு என்று இருந்தது.

யோகேஸ்வரனோ அவள் கண்முன்னே பெட்டிக்குள் கிடந்தான். முந்தாநாள் மழை விட்ட நேரத்தில், லயத்து வீட்டு வரிசைக்கு மேலே சவுக்கு மரத்தில் கட்டியிருந்த அன்டெனாவைத் திருப்பிவைக்க ஏறினான். கிளைக்கு அந்தப் பக்கம் குளவிக்கூடு இருந்தது அவனுக்குத் தெரியவில்லை. விழுந்த வேகத்தில் அவன் போனும் கல்லில் பட்டு நொறுங்கிப்போனது. முப்பத்திரண்டு வயது. கொழுந்து பறித்தே அவனைப் படிக்கவைத்த அம்மா வீரம்மா, பெட்டி வந்ததிலிருந்து தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அழுதுவிடு, இல்லாவிட்டால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும் என்று சுற்றியிருந்த பெண்கள் அவளை உலுக்கிக்கொண்டே இருந்தார்கள்.

ஹட்டனில் ஒரு சின்ன அலுவலகத்தில் அவனுக்கு வேலை. வீட்டில் அடிதாங்க முடியாமல் ஓடிவரும் பெண்களை எங்காவது பத்திரமாக ஒளித்துவைக்கிற அலுவலகம் அது. யார் எந்த ஊரில், எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தச் சர்வரில்தான் இருந்தது. அதற்குக் காவல் அவன். லிந்துலை முன்பள்ளியில் படிப்பிக்கும் வினோதா ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்குத் துணை. யார் யார் உள்ளே நுழையப் பார்த்தார்கள் என்ற பட்டியலை அவளால் பார்க்க முடியும், எதையும் மாற்ற முடியாது.

எந்தெந்த நாட்டிலிருந்தெல்லாமோ நாளைக்கு ஐந்நூறு தடவை யாராவது அந்தச் சர்வரைத் தட்டிப் பார்ப்பார்கள். அண்ணன் அவர்களின் இணைய முகவரிகளைத் தடைப்பட்டியலில் போட்டுவிட்டுச் சோறு தின்னப் போய்விடுவான். முதல் நாள் பயந்துபோன வினோதாவைப் பார்த்துச் சிரித்தான்.

“மடமடன்னு தட்டுறது மெஷின். அதுக்குப் பயப்படாத. நின்னு, யோசிச்சு யோசிச்சு தட்டுறான் பாரு, அவன் மனுஷன். அவனுக்குப் பயப்படு.”

இன்றைக்குத் தட்டியவன் யோசித்துத்தான் தட்டினான். இரண்டு பதினேழு, இரண்டு இருபது, இரண்டு இருபத்தாறு. வினோதா அடுப்பு மூட்டாத குசினிக்குள் போய் நின்று முழுப் பட்டியலையும் திறந்தாள். பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று சொல்லி உள்ளே வரப் பார்க்கிறான். அப்படி வருகிறவரிடம் சர்வர் மூன்று கேள்வி கேட்கும். தாயின் பெயர் கேட்டதற்குச் சரியான பதில் வந்திருந்தது. பிறந்த ஊருக்கும் சரியான பதில். மூன்றாவது, வீட்டில் கூப்பிடும் பெயர். அதற்கு ‘யோகா’ என்று அடித்திருந்தான், பிழை. ‘யோகி’, பிழை. ‘ஈசன்’, பிழை. ஐந்து தடவை பிழையானால் கால் மணி நேரம் பூட்டிக்கொள்ளும். பிறகு மறுபடியும் ஐந்து தடவை கேட்கும்.

தாய் பெயரும் ஊரும் எப்படித் தெரிந்தது என்று அவள் யோசிக்கவே தேவையிருக்கவில்லை. குசினிக் கதவிலேயே ஒட்டியிருந்தது. லிந்துலையைப் பிறப்பிடமாகக் கொண்ட, காலஞ்சென்ற இராமையா, வீரம்மா தம்பதிகளின் அன்பு மகன். சித்தப்பா மகன் திலக்ஷன் நேற்று அச்சடித்து பஸ் தரிப்பிடம் வரைக்கும் ஒட்டி, பேஸ்புக்கிலும் போட்டிருந்தான். எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தது வினோதாதான். இந்த நோட்டீஸ் இல்லாமல் இங்கே யார் செத்திருக்கிறார்கள்? ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் தாய் பெயரைப் போடாதே, ஊர் பெயரைப் போடாதே என்று வகுப்பெடுத்த மனுஷன், தன் கணக்குக்கு அதையே போட்டு வைத்திருந்திருக்கிறான். அவள் அவனை மனதுக்குள் நன்றாகத் திட்டினாள். திட்டும்போதுதான் முதன்முதலாக அழுகை வந்தது.

மூன்றாவது பதில் எந்த நோட்டீஸிலும் இல்லை. அது இப்போது அம்மாவுக்கும் அவளுக்கும் மட்டுமே ஞாபகமிருக்கிற பெயர். ஆறாம் வகுப்புக்குப் போனபோது, வெளியே அப்படிக் கூப்பிடாதீங்க, பொடியன்கள் சிரிக்கிறான்கள் என்று அண்ணன் அழுதிருக்கிறான். அன்றிலிருந்து அம்மா அந்தப் பெயரைக் காம்பராக் கதவைச் சாத்திவிட்டுத்தான் கூப்பிடுவாள்.

கடைசியாக அவள் தட்டியவனின் இணைய முகவரியைப் பார்த்தாள். அந்த எண்கள் அவளுக்கு மனப்பாடம். அவர்கள் வீட்டு இணைப்பின் முகவரி அது.

டோஹாவிலிருக்கும் சொந்தக்காரர்கள் சாவு வீட்டைப் பார்க்கட்டும் என்று திலக்ஷன் நேரலை போட்டிருந்தான். வந்தவர்களும் பயன்படுத்தட்டும் என்று வைஃபை பாஸ்வேர்டை வாசல் இஸ்தோப்புச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தான். அப்படியானால் தட்டுகிறவன் இங்கேதான், டென்டுக்குக் கீழேதான் எங்கோ உட்கார்ந்திருக்கிறான். வினோதா ரவுட்டரின் வயரைப் பிடுங்கினாள். நேரலை நின்றுவிட்டதென்று திலக்ஷன் கத்திக்கொண்டு வந்தான். அவள் ஜன்னல் வழியாக டென்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிசையில் சாம்பல் நிற ஜாக்கெட் போட்ட ஒருவன் போனை உயர்த்தி உயர்த்திப் பார்த்தான். எழுந்து தண்ணீர்த் தாங்கிப் பக்கம் ஏறினான். அங்கேதான் டவர் நன்றாகக் கிடைக்கும். சற்று நேரத்தில் அடுத்த அறிவிப்பு வந்தது. இந்த முறை முகவரி வேறு.

அலுவலகத்தை நடத்தும் ஜீவராணி மிஸ் பெண்கள் பக்கத்தில் இருந்தார். வினோதா அவரைக் குசினிக்குள் இழுத்து எல்லாவற்றையும் சொன்னாள். போன மாதம் கழுத்தெல்லாம் சூடுபட்டு, நாலு வயதுப் பிள்ளையோடு வந்த சிவகௌரியின் புருஷனாக இருக்கலாம் என்றார் மிஸ். தலவாக்கலையில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். முகத்தை அவர் சரியாகப் பார்த்ததில்லை. அலுவலக வாசலில் ஹெல்மெட்டோடு நின்று, கிடைத்தால் இந்தத் தடவை உயிரோடு விடமாட்டேன் என்று கத்திவிட்டுப் போயிருக்கிறான். சர்வரை வாடகைக்குக் கொடுத்த கொழும்புக் கம்பெனியோடு பேசி அண்ணனின் கணக்கை மூடவேண்டும். கடிதம் கேட்பார்கள், அடையாள அட்டை கேட்பார்கள், இரண்டு மணி நேரமாவது ஆகும்.

“மிஸ், நாலு மணிக்குத் தூக்குறாங்க. அம்மா இன்னும் அழல. தூக்கும்போது அந்தப் பேரச் சொல்லித்தான் அழுவாங்க.”

மிஸ் செருப்பைக் கூடத் தேடாமல், கம்பெனியோடு பேச மேல் ரோட்டுக்கு ஓடினார்.

ஆம்பளைகளைக் கூப்பிட்டு அவனைப் பிடித்துக் கொடுக்கலாமா என்று வினோதா நினைத்தாள். இழவு வீட்டில் போன் நோண்டினான் என்பதைத் தவிர என்ன சொல்ல முடியும்? நோண்டாதவன் எவன் இருக்கிறான்? அவன் மறுத்துவிட்டுப் போய்விட்டால், வெளியே நின்று இன்னும் நிதானமாகத் தட்டுவான். அதற்கும் மேலே, அவளுக்கு அவனைப் பார்க்கவே பயமாக இருந்தது. இரண்டு தடவை வாசல்வரை போய், இரண்டு தடவையும் திரும்பிவந்தாள்.

மூன்றரைக்கு அவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு பேசினாள்.

“அம்மா, அண்ணன நீங்க கூப்பிடுற பேரச் சொல்லி அழுதுறாதீங்க.”

வீரம்மா மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

“அந்தப் பேர் ஒருத்தன் காதுல விழுந்தா, அண்ணன் ஒளிச்சு வச்சிருக்கிற பொம்பள எங்க இருக்கான்னு அவனுக்குத் தெரிஞ்சிரும். அவளோட ஒரு சின்னப் புள்ளயும் இருக்கு. கொன்னுருவான்மா.”

சர்வர், கணக்கு, கேள்வி எதுவும் வீரம்மாவுக்குத் தெரியாது. ஏன், எப்படி என்றும் அவள் கேட்கவில்லை. மகனின் வீங்கிய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டாள். பெற்ற மகனுக்காக அழவேண்டியவளின் வாயை அடைத்துவிட்டோமே என்று வினோதா தன்னையே நொந்துகொண்டாள்.

வாய்க்கரிசி போடச் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். அந்த வரிசையில் சாம்பல் நிற ஜாக்கெட்டும் வந்தது. அவன் அரிசியைப் போட்டான், பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டான். நேராகப் போய்விடுவான் என்று வினோதா மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, அவன் அம்மாவின் முன்னால் குந்தினான். அவன் மேலிருந்து பெட்ரோலும் பவுடரும் கலந்த வாடை வந்தது.

“நான் யோகேஸ்வரனோட படிச்சவன்மா,” என்றான். குரலில் அத்தனை பரிவு. “நீங்க இப்படி அடக்கி வச்சிருக்கக்கூடாது. வீட்டுல என்னான்னு கூப்பிடுவீங்க அவன? அந்தப் பேரச் சொல்லி அழுங்கம்மா, மனசு ஆறும்.”

சரிதான், அதைத்தானே நாங்களும் சொல்கிறோம் என்றாள் பக்கத்திலிருந்த ஒரு பெண். வினோதா அம்மாவின் கையைப் பிடித்தாள். அது குளிர்ந்துபோய் இருந்தது.

வீரம்மா வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“யோகேஸ்வரன்னுதான் கூப்பிடுவேன்,” என்றாள். “வேற பேரு வைக்கல தம்பி.”

திரும்பவும் முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

நாலு மணிக்குத் தூக்கினார்கள். தப்பு உச்சத்தில் அடித்தது. பெட்டியைத் தாங்க முந்தியவர்களில் அவனும் இருந்தான்; அண்ணனின் கால்மாட்டில் தோள் கொடுத்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பித் திருப்பி அம்மாவையே பார்த்துக்கொண்டு நடந்தான். பெண்கள் பாதை திரும்பும் முடக்குவரைதான் போகலாம். அதுவரைக்கும் வீரம்மா தேயிலைச் செடிகளைப் பிடித்துப் பிடித்து ஓடினாள். முடக்கில் பெட்டி திரும்பியபோது அவள் வாயைத் திறந்தாள். வினோதா கண்ணை மூடிக்கொண்டாள். அம்மாவின் வயிற்றிலிருந்து வந்தது வெறும் சத்தம். அதில் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஒரு ஒப்பாரி இல்லை, பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கூட அழத் தெரியவில்லை, என்ன தாயோ என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். வினோதாவுக்கு அவர்களை அறையவேண்டும்போல இருந்தது.

ஐந்தே காலுக்கு ஜீவராணி மிஸ் போன் பண்ணினார். கணக்கை மூடியாகிவிட்டது, இனி எந்தப் பதிலைச் சொன்னாலும் திறக்காது, சிவகௌரியையும் பிள்ளையையும் வேறிடத்துக்குக் கூட்டிப்போக வேன் புறப்பட்டுவிட்டது என்றார். கடைசி முயற்சி நாலு ஐம்பதுக்கு என்று வினோதாவின் பட்டியலில் இருந்தது. அண்ணனைக் குழியில் இறக்கிய நேரம். ‘யோகேஸ்வரன்’ என்று முழுசாக அடித்துப் பார்த்திருந்தான்.

மயானத்துக்குப் போனவர்கள் திரும்பிவந்து வாசலில் கால் கழுவினார்கள். வினோதா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவன் இல்லை. அவனுக்கு இந்த வீடு தெரியும், இந்த வழி தெரியும், அம்மாவின் முகம் தெரியும். எல்லோரும் கலைந்ததும் அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

வீரம்மா குளித்து, தலைகூடத் துவட்டாமல், பெட்டி இருந்த இடத்தில் ஏற்றிவைத்த விளக்குக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். முந்தானையின் ஓரம் பல்பட்டுக் கிழிந்திருந்தது.

“ஏ புள்ள,” என்றாள். “இப்ப கூப்பிடலாமா?”

வினோதா தலையை ஆட்டினாள்.

வீரம்மா உடனே கூப்பிடவில்லை. எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாள். ஜன்னல் பலகையையும் இழுத்துச் சாத்தினாள். பிறகு விளக்கின் பக்கம் திரும்பி, சோறு தின்னக் கூப்பிடுகிற குரலில், பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்காத அளவுக்கு, ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள்.