பச்சைத்துணிக் கழி

எங்கள் குப்பத்துக்காரர்களுக்கு அடித்துக்கொள்ளவும் தெரியும், நிறுத்தவும் தெரியும். ஐப்பசியில் ஏரிக்குள் இறால் ஏறியதும், இன்றைக்கு வலை விடும் முறை யாருக்கு என்று எங்களுக்கும் எதிர்க்கரைக் குப்பத்துக்கும் தகராறு மூண்டது. துடுப்பும் கத்தியும் வெளியே வந்தன. எதிர்க்கரை வேதாசலத்துக்கு மண்டை பிளந்தது. எங்கள் பக்கம் இரண்டு படகுகள் எரிந்தன. மறுநாளே இரு தரப்பும் பேச உட்கார்ந்தார்கள். உட்காருவதற்கு முன்னால், வழக்கப்படி, இடுப்பளவுத் தண்ணீரில் பச்சைத்துணி கட்டிய சவுக்குக் கழி ஒன்றை ஊன்றினார்கள்.

கழி நின்றால் பேச்சு நடக்கிறது என்று அர்த்தம். பேச்சு நடக்கிறவரை யார்மேலும் யாரும் கை வைக்கக்கூடாது. பேச்சு மாதக்கணக்கில் இழுக்கும், நடுவில் நாலு பேர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவார்கள், அது வேறு. ஆனால் முந்தாநாள் வெட்டிக்கொண்டவர்களே கழிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிம்மதியாக வலை இழுப்பார்கள். கழியைப் பிடுங்கினால் சண்டை மறுபடி ஆரம்பம். எனக்குத் தெரிந்து யாரும் பிடுங்கியதில்லை.

இந்தத் தடவை கழி ஊன்றியவர் எங்கள் தலைவர் பச்சைமுத்து. அவர் மகன் ரஞ்சித்குமார் வளைகுடாவில் ஒரு அரபி முதலாளியின் படகில் மீன் பிடிக்கப் போயிருந்தான். அங்கே இரண்டு நாடுகளுக்குள் யுத்தம். யார்மேல் தப்பு என்று எங்கள் டீக்கடையில் தினம் ஒரு தீர்ப்பு வழங்கப்பட்டது. ரஞ்சித் மட்டும் துறைமுகத்தில் முடங்கிக் கிடந்தான். வானத்தில் ட்ரோன் பறக்கும்போது யார் கடலுக்குப் போவார்கள்?

ஒருநாள் காலையில் டிவியில் சொன்னார்கள்: மூன்றாவது நாடொன்றில் பேசி முடித்துக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, சாயங்காலத்திலிருந்து சண்டை நிறுத்தம். ரஞ்சித்தின் மனைவி வெண்ணிலா டிவிக்கே கற்பூரம் காட்டாத குறைதான். அவள் சிரித்து நாங்கள் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. கொஞ்ச நேரத்தில் ரஞ்சித்தே வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான்.

"முதலாளி இப்பவே கடலுக்குப் போவச் சொல்றான். போவாதவன் ஊருக்குக் கெளம்புன்றான். ஆனா சாயங்காலம்தான நிறுத்துறாங்க? நாளைக்குப் போலாம்னு கூட வேல செய்ற விஜய் சொல்றான். நீ இன்னா சொல்ற?"

"விஜய் ஆரம்பாக்கத்துல நெல்லு நட்ட ஆளு. கழியப் பத்தி அவனுக்கு இன்னா தெரியும்?" என்றாள் வெண்ணிலா. "பேசி முடிச்சுக் கையெழுத்தே போட்டுட்டாங்க. இன்னும் இன்னாத்துக்குப் பயப்படற? கழி நட்டப்புறம் நம்ம ஏரியில எவனாவது கை வெச்சிருக்கானா?"

போனை மாமனாரிடம் நீட்டினாள்.

"நைனா, போவட்டுமா?"

"போடா. பேசி முடிச்சப்புறம் எவன் அடிப்பான்? மானம்னு ஒண்ணு இல்ல?" என்றார் பச்சைமுத்து.

நாங்களும் பக்கத்தில் நின்று தலையாட்டினோம். ஒருவருக்குக்கூட வேறு மாதிரி தோன்றவில்லை.

மத்தியானம் டிவியில் கரும்புகை காட்டினார்கள். பழைய படம் போடுகிறார்கள் என்று நினைத்தோம். பிறகு எண்ணெய்க் கிடங்கு எரிந்தது, ஒரு பாலம் விழுந்தது. யுத்தம் தொடங்கிய நாளிலிருந்து இத்தனை அடி ஒரே நாளில் விழுந்ததில்லை என்றாள் செய்தி வாசித்த பெண். வெண்ணிலா போனை எடுத்துக் கூப்பிட்டாள். மணி அடிக்கவே இல்லை. மறுபடி கூப்பிட்டாள்.

கோட்டுப் போட்ட ஒருவர் டிவியில் விளக்கம் சொன்னார். நிறுத்தம் அமலுக்கு வருவதற்குள் இரு தரப்பும் எட்டிய மட்டும் அடிக்கும், அதற்குள் பிடித்த இடம் பிடித்தவனுக்குத்தானே, இது உலக வழக்கம்தான் என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

"வழக்கமா?" வெண்ணிலா மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். "மாமா, வழக்கம்னு சொல்றான் மாமா."

எனக்கு அந்தக் கோட்டுக்காரரை அறையவேண்டும் போலிருந்தது. அவரை அறைந்து என்ன, முட்டாள்தனம் எங்களுடையது.

பெரிய மேஜைக்கு முன்னால் இரண்டு நாட்டுக்காரர்களும் கை குலுக்குவதைக் காட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. விஜய்.

"அண்ணி... போட் எரிஞ்சு போச்சு அண்ணி. நிறுத்தறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் விழுந்துச்சாம். போனவங்க யாரும் கரைக்கு வர்ல."

அவள் கத்துவாள் என்று பெண்கள் ஓடி வந்து பிடித்துக்கொண்டார்கள். அவளோ டிவியில் குலுங்கும் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் இரண்டு குப்பத்துப் படகுகளும் ஏரியில் இருந்தன. சாவு எங்கள் குப்பத்தில் என்றாலும் இறால் காத்திருக்காது. வெண்ணிலா கட்டிய புடவையோடு தண்ணீரில் இறங்கினாள். குளிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தோம். இடுப்பளவு ஆழம் வந்ததும் கழியை இரண்டு கையாலும் பற்றி ஆட்டினாள். சேற்றிலிருந்து அது சத்தத்தோடு கழன்று வந்தது.

"வேணாம்மா!" பச்சைமுத்து கரையிலிருந்து அலறினார்.

வலை இழுத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். எதிர்க்கரைப் படகொன்றில் ஒருவன் குனிந்து துடுப்பை எடுத்தான். அதைப் பார்த்து எங்கள் ஆள் ஒருவன் கத்தியைத் தேடினான்.

மண்டைக் கட்டோடு வேதாசலம் படகிலிருந்து குதித்து அவளிடம் போனான்.

"இத்த நம்பித்தாண்ணா போவச் சொன்னேன். நான்தான் சொன்னேன்" என்றாள்.

அவன் கண் கலங்கியது. அவள் கையிலிருந்து கழியை வாங்கினான். பழைய இடத்திலேயே ஊன்றி, நெஞ்சை வைத்து அழுத்தினான்.

"நம்ம கழி அந்த மாதிரி இல்லம்மா. வூட்டுக்குப் போ" என்றான்.

கழி முன்பு போலவே நேராக நின்றது. வேதாசலம் படகேறித் தள்ளுகோலை ஊன்றினான். ஆனால் தன் கரையைப் பார்த்துத் திரும்பவில்லை. எங்களைப் பார்த்தபடியே, பின்பக்கமாகவே படகைத் தள்ளிக்கொண்டு போனான். அவன் பார்வை எங்கள் கைகளின்மேல் இருந்தது. நாங்களும் அவன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்றைக்கு ஏரியில் யாரும் யாருக்கும் முதுகைக் காட்டவில்லை.