பதினொரு வீட்டுக்கு இரண்டு கதிரை

இந்த விஷயத்தில் பிழை விட்டவள் நான்தான். அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் ஒழுங்கையில் வேறு யாராவது முந்திக்கொண்டு வந்து சொல்லிவிடுவார்கள். என் பெயர் றோசம்மா. நாயாற்றுக் கரையில் பதினொரு வீடுள்ள ஒடுங்கின தெரு, அதுதான் எங்கள் ஒழுங்கை. அதன் மாதர் சங்கத்துக்கு நான் தலைவி. தலைவி என்றால் கூட்டத்தில் எல்லாரையும்விடக் கூடச் சத்தம் போடுகிறவள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வறிய குடும்பங்களுக்கு மாதாமாதம் அரசாங்கம் நலன்புரிக் கொடுப்பனவு தரப்போகிறது, அதற்கு வீடு வீடாகப் பார்த்து எழுத ஆள் வரும் என்று கிராம சேவையாளர் சொல்லி அனுப்பினார். மரியநாயகம் அண்ணையைத் தவிர நாங்கள் எல்லாரும் அந்தக் கொடுப்பனவுக்கு உரியவர்கள்தான். அவருக்கு இரண்டு இயந்திரப் படகுகள் இருக்கின்றன. மற்றப் பத்து வீட்டிலும் களப்பில் இறால் பிடிக்கிறவர்கள், நண்டு உடைக்கிறவர்கள், வலை பொத்துகிறவர்கள்.

எங்கள் கரையில் ஒரு பழக்கம் உண்டு. கோயில் சாமியார் செபம் சொல்லி வீடு மந்திரிக்க வந்தாலும் சரி, பொம்பிளை பார்க்க ஆட்கள் வந்தாலும் சரி, வந்தவரை இருத்த நல்ல கதிரை இல்லாத வீட்டுக்கு, இருக்கிற வீட்டிலிருந்து கதிரை போகும். யாரும் கேட்கத் தேவையில்லை. பின்வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் அது தன்பாட்டில் வந்து சேர்ந்துவிடும்.

அபிவிருத்தி உத்தியோகத்தர் சுகந்தினி மிஸ் வந்த அன்றும் அதைத்தான் செய்தோம். மரியநாயகம் அண்ணை மகளின் கலியாணத்துக்கு வாங்கிய இரண்டு குஷன் கதிரை, ஒரு நிற்கிற ஃபான், ஒரு தட்டை ரீவி. ஒரு வீட்டில் மிஸ் எழுதி முடிந்ததும் நான் அவாவை முன் ஒழுங்கையால் கூட்டிக்கொண்டு போவேன். இடையில் அந்தோனியார் சிலைக் கூட்டைக் காட்டுவேன், கிணற்றைக் காட்டுவேன், கிணற்றின் வரலாற்றையும் சொல்லுவேன். அதற்குள் கதிரையும் ஃபானும் ரீவியும் பொட்டுக்குள்ளால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, அன்றைக்கு மிஸ் வந்தது பின்னே, கதிரை வந்தது முன்னே.

கடைசி வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே அவா சொன்னா: “பரவாயில்லை அக்கா, உங்கட ஊர் நல்ல வசதியாத்தான் இருக்குது.”

எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்த நெஞ்சை இப்போது நினைத்தாலும் ஒரு குத்து விடலாம் போல இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெயர்கூட இல்லை.

மற்றவர்கள் திட்டிவிட்டுத் தொழிலுக்குப் போனார்கள். நிறஞ்சனா திட்டவில்லை. என் பக்கத்து வீட்டுக்காரி அவள். புருஷன் மெல்ரொன் தோணியைக் கரையேற்றும்போது முதுகு பிசகி ஆறு மாதமாகப் படுக்கை. இவள் நண்டு உடைத்து வருவது அரிசிக்குக் காணும், அவ்வளவுதான். மூத்த மகள் நிதர்சனா சாதாரணதரப் பரீட்சையில் எட்டுப் பாடம் சித்தியடைந்தவள். உயர்தர வகுப்புக்கு முல்லைத்தீவுக்குப் பஸ்ஸில் போகவேண்டும். கொடுப்பனவு வந்தால் அனுப்பலாம் என்று தாய் இருந்தாள். பட்டியலைப் பார்த்துவிட்டு வந்தவள், தையல் தொழிற்சாலைக்கு ஆள் சேர்க்கிற பொடியனுக்குப் போன் எடுத்தாள். இரண்டு மாதம் கழித்து வருகிற முதலாம் திகதி வான் கொண்டுவந்து ஏற்றுகிறேன் என்று அவன் சொன்னானாம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அடுத்த பஸ்ஸில் பிரதேச செயலகத்துக்குப் போய் மேசையைத் தட்டி, ஏழைகளின் பெயரை யார் வெட்டியது என்று கேட்டேன். அங்கே இருந்த எழுதுவினைஞர் நான் களைக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

“அம்மா, மேன்முறையீட்டுக்கு இன்னும் நாள் இருக்கு. ஆனா என்ன எழுதிக் கிடக்குது எண்டு தெரியாமல் என்னத்தை மறுப்பியள்? உங்கட படிவத்தின்ர பிரதியைக் கேட்டு வாங்குங்கோ. அது உங்கட உரிமை. சட்டம் இருக்கு.”

தகவல் கேட்கிற விண்ணப்பம் ஒன்றையும் அவரே எடுத்துத் தந்தார். சண்டைக்குப் போன இடத்தில் கதிரை தந்து இருத்தினால் எப்படிச் சண்டை போடுவது? பத்து வீட்டிலும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். சொன்ன தவணைக்குள் பிரதிகள் வந்தன. அதுவே எனக்குப் பெரிய அதிசயம்.

செயலக வாசலில் மரநிழலில் இருந்து வாசித்தேன். முதல் வீடு: குஷன் கதிரை இரண்டு, ஃபான் ஒன்று, ரீவி ஒன்று. இரண்டாம் வீடு: குஷன் கதிரை இரண்டு, ஃபான் ஒன்று, ரீவி ஒன்று. மூன்றாவதை வாசிக்கும்போது காது சுட்டது. பத்தாவது என்னுடைய வீடு. யாருமே எங்களை வெட்டவில்லை. சுகந்தினி மிஸ் தான் கண்டதைக் கண்டபடி எழுதியிருந்தா. எங்களைப் பணக்காரர் ஆக்கினவள் நான்.

அன்று பின்னேரம் மரியநாயகம் அண்ணையின் முற்றத்தில் எல்லாரையும் கூட்டி உண்மையைச் சொன்னேன். மேன்முறையீட்டில் அவரவர் வீட்டில் இருப்பதை அவரவரே சொல்லவேண்டும் என்றும் சொன்னேன். நிறஞ்சனா எழும்பினாள்.

“அக்கா, ஒரு கதிரைக்கும் வழியில்லாதனாங்கள் எண்டு சபையிலை சொல்லச் சொல்லுறியளோ? என்னாலை ஏலாது.”

“அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், நிறஞ்சனா.”

“நான் அழுறது உங்களுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியவேணுமோ?” என்றவள் போய்விட்டாள்.

அவளின் பெயரையும் சேர்த்து மேன்முறையீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, மாதாவை மன்றாடிக்கொண்டு இருந்தேன்.

விசாரணையை அவர்கள் எங்கள் கோயில் மண்டபத்திலேயே வைத்தார்கள். வான் வருகிற முதலாம் திகதிக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. மூன்று உத்தியோகத்தர்கள், கூடவே சுகந்தினி மிஸ். நடுவில் இருந்த பெரியவர், எங்கள் சம்மதத்தோடு படிவங்களை எல்லாருக்கும் கேட்க வாசித்தார். “குஷன் கதிரை இரண்டு” என்று மூன்றாம் தரம் வந்தபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஐந்தாம் தரம் அவர் வாயைத் திறக்கமுன்பே மண்டபமே சேர்ந்து சொல்லியது, “குஷன் கதிரை இரண்டு.” மரியநாயகம் அண்ணை வெட்கத்தில் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

சுகந்தினி மிஸ்ஸின் முகம் சிவந்துவிட்டது. “அப்ப நீங்கள் எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாத்தினனீங்களோ?”

நான் எழும்பினேன். “ஏமாத்தேல்லை மிஸ். உங்களை மரியாதையா இருத்த நினைச்சனாங்கள். கதிரையைத் தூக்கச் சொன்னது நான். கிணத்தைக் காட்டி உங்களை மினக்கெடுத்தினதும் நான். பிழை என்ரை.”

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இருவத்தாறு வருசமா இந்த வேலை செய்யிறன். கல்வீட்டுக்காரர் கதிரையை ஒளிச்சு வைச்சிட்டு ஏழை எண்டு வந்ததுதான் கண்டிருக்கிறன். இதை இண்டைக்குத்தான் காணுறன்.” சிரித்து முடித்துவிட்டுக் குரலை இறக்கினார். “ஆனா றோசம்மா சொன்னதை வைச்சு நான் எழுதேலாது. திரும்ப வந்து பார்க்கவேணும் எண்டால், அந்தந்த வீட்டுக்காரர் எழும்பித் தங்கட வாயாலை கேட்கவேணும்.”

யாரும் எழும்பவில்லை. நான் நிறஞ்சனாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவளுக்குப் பாரமாக இருக்கும் என்று சுவரில் இருந்த அந்தோனியாரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது பின்னாலிருந்து அவளின் குரல் கேட்டது.

“எங்கட வீட்டிலை கதிரை இல்லை மிஸ். ஃபான் இல்லை, ரீவி இல்லை. ஒரு பாய் இருக்கு, அதிலை என்ரை மனுசன் படுத்திருக்கிறார். நீங்கள் வந்தால் வாசல்படியிலைதான் இருத்துவன். வாறீங்களோ?”

சுகந்தினி மிஸ் பழைய படிவத்தை மடித்து வைத்தா. பிறகு, “வாறன். இந்த முறை கிணறு பார்க்கேலாது, சொல்லிப்போட்டன்,” என்றா.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எழும்பினார்கள். எழும்பினவர்களுக்குச் சொல்லச் சொல்ல வாய் திறந்தது. ஒருத்தி தன் கூரைத் தகரத்தில் எத்தனை ஓட்டை என்றுகூடச் சொன்னாள். வறுமையைச் சொல்வதில் இவ்வளவு போட்டியை நான் கண்டதில்லை.

அடுத்த கிழமை மிஸ் தனியாகவே வந்தா. என்னை வீட்டுக்குள் இருக்கச் சொல்லிவிட்டார்கள். மரியநாயகம் அண்ணை மட்டும் பழக்கதோஷத்தில் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு பொட்டடிவரை வந்துவிட்டார். நான் ஜன்னலால் போட்ட சத்தத்தில் கதிரையோடு திரும்பி நடந்தார். நிறஞ்சனாவின் வாசல்படியில் இருந்து, மடியில் பலகையை வைத்து, மிஸ் முக்கால் மணித்தியாலம் எழுதினா.

மாதக் கடைசியில் புதுப் பட்டியல் ஒட்டினார்கள். பத்து வீட்டில் ஒன்பது வீடு இருந்தது. சுதர்சினியின் மகன் கட்டாரிலிருந்து காசு அனுப்புகிறபடியால் அவளின் வீடு மட்டும் இல்லை. அது நியாயம்தான் என்று அவளே சொன்னாள், இரண்டு நாள் கழித்து. நிறஞ்சனாவின் பெயர் நாலாவது. அவள் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. நானும் கூட நின்று அழுதேன்.

முதலாம் திகதி காலை எட்டு மணிக்கு அவளின் வேலிப் படலையடியில் வான் வந்து ஹோர்ன் அடித்தது. அந்தப் பொடியனைப் பேசித் துரத்துவோம் என்று நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன். எனக்கு முன்னமே நிறஞ்சனா படலையில் நின்றாள்.

“பிள்ளை வெளிக்கிட்டாச்சோ அக்கா?” என்றான் அவன்.

“அவள் பள்ளிக்கூடம் போயிட்டாள்.”

“எப்ப வருவா?”

“ரண்டு மணிக்கு.”

“அப்ப நான் பின்னேரம் வரட்டோ?”

“நாளைக்கும் போவாள் தம்பி. நாளையிண்டைக்கும் போவாள். உயர்தரம் முடியுமட்டும் போவாள்.”

அவன் என்னைப் பார்த்தான். எனக்குச் சத்தம் போட ஒன்றுமே மிச்சமில்லை. அவன் வானை எடுத்து, ஒடுங்கின ஒழுங்கையில் முன்னும் பின்னுமாக இழுபட்டான். நிறஞ்சனா படலையை அகலத் திறந்துவிட்டாள்.

“திருப்ப இடம் காணாட்டி எங்கட முற்றத்துக்குள்ளை விட்டுத் திருப்புங்கோ.”