டீச்சருக்கும் முறை வை

வால்டர் சாரின் குறட்டையைக் கப்பல் சங்கென்று நம்பி, துறைமுகக் கூலிகள் ஒருமுறை பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்தார்கள். அவர் எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக்குக் கணக்கு வாத்தியார். ‘அ’ பிரிவுக்கு ஞானம் டீச்சர். அவர் வகுத்துக் காட்டினால் ஜன்னலில் உட்கார்ந்த காக்கையும் மீதி சொல்லும்.

பொதுப் பரீட்சைக்கு மூன்றே மாதம். சிலுவையம்மாளின் மகள் படித்தது ‘ஆ’வில். தோற்றால் தலையில் மீன் கூடைதான். காசிமேட்டுப் பெண்கள் இருபது பேரோடு அவள் தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்தாள்.

"மீனு வுழுற எடத்துல தெனம் ஒருத்தனேவா வலை போடுறான்? இன்னிக்கு அவன், நாளிக்கு இவன். டீச்சருக்கும் முறை வை சார்."

"வாத்தியார் என்ன வலையாம்மா? வெளியே போங்க!"

யாரும் அசையவில்லை. தலைமையாசிரியரின் மகன் ‘அ’வில் படிப்பது ஊருக்கே தெரியும். சிலுவையம்மாள் மீன் கூடையை மேசைமேல் இறக்கினாள். "முறை எழுதற வரிக்கும் இங்கியே குந்திகினு கீறோம்."

வெயில் ஏறியது, மீனும் நாறியது. மூன்று மணிக்கு அவர் மூக்கைப் பொத்தியபடி அட்டவணையைத் திருத்தினார்.

மறுநாள் வால்டர் சார் ‘அ’வில் குறட்டையைத் தொடங்கியதும் கதவு படீரென்று திறந்தது. பிரம்போடு தலைமையாசிரியர் நின்றார்.

ஜன்னலுக்கு வெளியே சிலுவையம்மாள் கேட்டாள்: "இத்தினி நாளு இந்தப் பிரம்பு எங்க சார் கெடந்துச்சு?"