வினைச்சொல்லுக்கு மூன்று வால்

அட்டை கிழிந்த நீல நோட்டு முதலாளியின் மேசைமேல் கிடப்பதைப் பார்த்ததும் இந்துமதிக்குக் கை கால் ஓடவில்லை. அது அவளுடையது. பதினோரு வருடமாக யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தது.

குழந்தைகளுக்கான பனியன்களை ஏற்றுமதி செய்யும் அந்தத் திருப்பூர் கம்பெனியில் அவள் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் கேட்கும் டிசைன்களெல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். அடுத்த சீசனுக்கென்று வைத்திருந்த யானை டிசைன் எப்படியோ வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டது. யார் கொடுத்தார்கள் என்று தேடிய மேனேஜர் அருள்செல்வன் அவள் டிராயரில் இந்த நோட்டைக் கண்டெடுத்திருந்தார். பக்கம் பக்கமாகப் புரியாத எழுத்து.

"இதென்னம்மா ரகசியக் கோடு வேர்டு? யாருக்கு எழுதுனது?" என்றார் அருள்செல்வன்.

உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் வேலை போகும்.

"கோடு வேர்டு இல்லீங்க. அது ஒரு பாஷைங்க. ஒன்பதாவது படிக்கறப்போ நானா உண்டாக்குனது. அதுல சும்மா டைரி எழுதிக்குவனுங்க."

அருள்செல்வன் சிரித்தே விட்டார். முதலாளி ஆத்தப்பன் சிரிக்கவில்லை.

"பாஷைன்னா இலக்கணம் இருக்கோணுமே கண்ணு?"

"இருக்குதுங்க."

நோட்டின் முதல் பக்கங்களைப் புரட்டிக் காட்டினாள். எழுத்துப் பட்டியல், அதன் பின் விதிகள், எல்லாவற்றுக்கும் பக்கத்திலேயே தமிழில் விளக்கம்.

"வினைச்சொல்லுக்கு ஒரு வால் இருக்குதுங்க. அந்த விஷயம் நமக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு அதுல சொல்லியே ஆகோணும். நூலிங்கற சொல்லுக்கு மழை பேயறதுன்னு அர்த்தமுங்க. நாமளே பாத்திருந்தா நூலிகா. யாராச்சும் சொல்லிக் கேட்டிருந்தா நூலிசோ. ரோடு நனைஞ்சு கெடக்கறதப் பாத்துட்டு நாமளா நெனச்சுக்கிட்டா நூலிபே. வாலில்லாம நிறுத்துனா அது பேச்சே இல்லீங்க."

சொல்லச் சொல்லக் குரலின் நடுக்கம் போய்விட்டிருந்தது. இதை இன்னொருவருக்கு அவள் விளக்குவது இதுதான் முதல் தடவை.

"இதெல்லாம் இப்ப ஜோடிச்சுக்கூடச் சொல்லலாமுங்க" என்றார் அருள்செல்வன்.

"அப்ப நானே படிச்சுப் பாக்கறேன். நீ வாயத் தொறக்கக் கூடாது கண்ணு."

ஆத்தப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைப் பிரித்தார். எழுத்துப் பட்டியலில் ஒரு விரல், கடைசிப் பக்கங்களில் தமிழ்ப் பொருளோடு இருந்த சொற்பட்டியலில் இன்னொரு விரல். கால் மணி நேரம் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார்.

"மொதலாளி... கட்டிங் செக்சன்ல... கத்துனாரு. வால் சோ." நிமிர்ந்தார். "சோன்னா கேள்விப்பட்டதுதானே? நான் எப்பக் கத்துனேன்?"

"பொங்கலுக்கு முந்துன வாரமுங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆத்தப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க அருள், டிசைன இந்தப் புள்ளதான் குடுத்துச்சுன்னீங்க. நீங்க பாத்தீங்களா?"

"இல்லீங்க."

"யாராச்சும் சொன்னாங்களா?"

"அதுவும் இல்லீங்க..."

"அப்ப அது பே. வெறும் பேய வெச்சுட்டு ஒரு புள்ளய வேலைய விட்டு நிறுத்த முடியாதுங்க."

நோட்டு அவள் கைக்கு வந்தது. வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அதைப் புரட்டினாள். வேலை போகவில்லை என்பதைவிட, ஒருவர் அந்தப் பாஷையைப் படித்துவிட்டார் என்பதுதான் திரும்பத் திரும்ப நெஞ்சில் இனித்தது.

மத்தியானத்துக்குள் விஷயம் வெளிச்சமானது. பிரிண்டிங் யூனிட்டில் வேலை பார்க்கும் ஒருவர், யானை அழகாக வந்திருக்கிறதென்று படமெடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறார். ஊரே பார்த்திருக்கிறது.

அருள்செல்வன் அவள் மேசைக்கு வந்தார்.

"ஏனுங்க இந்துமதி, உங்க பாஷையில மன்னிப்புக்கு என்ன வார்த்தைங்க?"

யோசித்துப் பார்த்தாள். ஆயிரத்துக்கும் மேல் சொற்கள் இருந்தன, அது மட்டும் இல்லை. தனக்குத்தானே எழுதிக்கொள்கிறவளுக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

"இன்னும் போடலீங்க."

"சீக்கிரம் ஒண்ணு போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தபடி போனார்.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேன்டீனுக்கு இறங்கிப் போய், ஆறிப்போன தக்காளி சாதத்தை இரண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.