கறுப்புத் துணி வளையம்

மிஸ் வாய் எங்கேம்மா என்று என் மகள் பியூலா கேட்கிறாள், நான்கரை வயது, காதுக்குப் பின்னால் கருவி, பாளையங்கோட்டையில் அந்தப் பயிற்சி அறைக்கு முதல் நாள், வள்ளிமயில் மிஸ்ஸின் உதடுகளுக்கு முன்னால் பூவேலை வளையம் ஒன்று எழும்புகிறது, அதில் இறுக்கிய கறுப்புத் துணி, துணிக்கு மேலே இரண்டு கண்கள் சிரிக்கின்றன, வாய் தெரிந்தால் பிள்ளை உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடும், காது சும்மா இருந்துவிடும், அதற்குத்தான் மறைப்பு என்று பிறகு சொன்னார்கள். மிஸ்ஸுக்கு என்று சொல்ல அவளுக்கு வராது, சொல்லின் தலை கேட்கும், கடைசியில் மெல்ல ஒட்டிக்கொள்கிற சிற்றொலி கேட்காது, நாய் என்றாலும் நாயை என்றாலும் நாய்க்கு என்றாலும் அவளுக்கு ஒரே நாய், யார் துரத்தினார்கள், யார் ஓடினார்கள் என்பதோ அந்தச் சிற்றொலிக்குள் அல்லவா இருக்கிறது, மேசையில் மரத்தில் செய்த ஒரு நாய், ஒரு பூனை, ஓடுவதை முன்னாலும் துரத்துவதைப் பின்னாலும் வைக்க வேண்டும், அவளோ முதலில் காதில் விழுந்ததைத் துரத்த விட்டுவிடுவாள், பிறகு ஒருநாள் திடீரென்று எல்லாவற்றையும் சரியாக வைத்தாள், நான் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மேலப்பாளையத்து சுல்தான் பீவி, அவள் மகன் அனீபாவுக்கும் அதே கருவி, கதவுக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு வாயைப் பொத்திச் சிரிக்கிறாள், ஏ புள்ள, ஒம் மவ காதால கேக்கல, ஒங் கண்ணாலல்லா கேக்கா, எத முன்னால வைக்கணுமோ நீ அதப் பாக்க, அவ ஒன்னப் பாக்கா. போக்கா, ஒனக்குப் பொறாம என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மூன்று நாள் பேசவில்லை, நான்காம் நாள் கண்ணை மூடிக்கொண்டேன், பியூலா என் முகத்தைத் தேடித் தேடி எல்லாவற்றையும் தப்பாக வைத்தாள், அன்று நான் அழுதபோது முந்தானையை நீட்டியவளும் சுல்தான் பீவிதான், அழாத, கண்ண மூடிக்கிட்டே இரி, காது தன்னால தொறக்கும்.

சோதனை நாள் வருகிறது, பெரிய டாக்டர் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார், அவர் கையெழுத்துப் போட்டால் பியூலா எங்கள் தெருப் பள்ளிக்குப் போகலாம், இல்லையென்றால் என்னை விட்டுத் தூரத்து விடுதிப் பள்ளி, எங்கள் முறைக்குச் சற்று முன்னால் கருவியின் விளக்கு அணைந்துபோனது, மாற்றுப் பேட்டரி வீட்டில் வேதப்புத்தகத்தின் மேல், காலையில் முழங்கால்படியிடும்போது வைத்தது வைத்தபடி. சுல்தான் பீவி அனீபாவின் காதிலிருந்து கருவியைக் கழற்றினாள், பொத்தான் போன்ற இரண்டு பேட்டரிகளை என் உள்ளங்கையில் வைத்தாள், இவன் முறை பொறவுதான, அதுக்குள்ள இவன் வாப்பா கொண்டாந்துருவாக, நீ போ புள்ள, அனீபா சத்தமில்லாத உலகத்தில் உட்கார்ந்து அம்மாவின் வளையல்களை உருட்டிக்கொண்டிருந்தான்.

உள்ளே நான் கண்களை மூடி ஆண்டவரே என்கிறேன், நாயைப் பூனை துரத்துது என்கிறது மிஸ்ஸின் குரல், இல்லை, முழுதும் சொல்லவில்லை, நாயை என்பது ஓயும் முன்பே, பூனை பிறக்கும் முன்பே, மரம் மேசையில் உரசுகிறது, கண்ணைத் திறக்கிறேன், நாய் முன்னால் நிற்கிறது, பியூலாவின் கை பூனைக்காகக் காத்திருக்கிறது, என் பக்கம் அவள் திரும்பவே இல்லை, நான் அவளுக்குத் தேவைப்படாத அந்த ஒரு நொடியைப் போல வேறெதிலும் எனக்குப் பெருமை வந்ததில்லை.

அனீபாவின் வாப்பா அன்று நேரத்துக்கு வரவில்லை என்பது ஜூன் மாதம்தான் தெரிந்தது, மிஸ் பேச்சுவாக்கில் சொன்னார், அவன் முறை அடுத்த தடவைக்குத் தள்ளிப்போயிற்று, சுல்தான் பீவி என்னிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை, பள்ளிச் சீருடையில் பியூலாவைப் பார்த்து என் ராசாத்தி என்று கன்னத்தைக் கிள்ளினாளே, அப்போதும்கூட.

அடுத்த சோதனை நாள் காலை, பெருக்குகிறவர் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறார், அறையில் யாருமில்லை, அலமாரியில் பிள்ளைகளின் பெயர் எழுதிய டப்பாக்கள், அனீபாவின் டப்பாவைத் திறந்து, மரநாய்க்கும் மரப்பூனைக்கும் அடியில் இரண்டு அட்டை பேட்டரி வைக்கிறேன், முதல் வேலையாக சுல்தான் பீவி இதைத்தான் திறப்பாள், ஆணியில் அந்த வளையம் தொங்குகிறது, எடுத்து என் வாய்க்கு முன்னால் பிடிக்கிறேன், அனீபாவுக்கு என்கிறேன், அவன் அம்மாவுக்கு என்கிறேன், கடைசி ஒலி வரை முழுதாக, மெதுவாக, கறுப்புத் துணி என் மூச்சில் லேசாக அசைகிறது, வெளியே வாளி வைக்கும் சத்தம், வளையத்தை ஆணியில் மாட்டிவிட்டுப் பின்வாசல் வழியே இறங்கிப் போகிறேன்.