குறிச்சுக்கிட்டோம்

ஊரில் எல்லோருக்கும் அவள் சாவியக்கா. சாவி வெட்டுவாள், பூட்டு ரிப்பேர் செய்வாள், சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் திருதிருவென்று விழிப்பவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவாள். பூட்டுக் கடைக்காரி என்றால் பாதுகாப்பைப் பற்றியும் தெரிந்திருக்கும் என்று நகராட்சியில் யாரோ ஒரு புத்திசாலி முடிவு கட்டியதில், பாதுகாப்புக் கண்காணிப்புக் குழுவின் மக்கள் உறுப்பினர் ஆகிவிட்டாள்.

அவள் சம்மதித்ததற்குக் காரணம் தங்கச்சி. தங்கச்சிக்கு ரொட்டிக் கடையில் வேலை, இருட்டின பிறகுதான் விடுவார்கள். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ரயில் பாதை, அதற்கடியில் ஒரு சுரங்கப்பாதை. அதில் விளக்கு எரிந்து எத்தனையோ காலம் ஆயிற்று. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினாலும் மூத்திர நாற்றம் வீடு வரை கூடவே வரும். பை பறிப்பவர்களுக்கு அது மாமியார் வீடு மாதிரி. அதனால் தங்கச்சி தினமும் மேம்பாலத்தைச் சுற்றி, லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருவாள்.

முதல் கூட்டத்துக்குச் சாவியக்கா இருப்பதில் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனாள். சுவரில் 'மக்கள் பங்கேற்பே நம் பலம்' என்று பெரிய பேனர். அதன் கீழே தலைவர் பல் குத்திக்கொண்டிருந்தார். குத்தி எடுத்ததை ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டு மேஜை விரிப்பின் ஓரத்தில் தேய்த்தார். பக்கத்தில் போலீஸ் அதிகாரி செல்போனில் மூழ்கிக் கிடந்தார். பொதுமக்களுக்குப் போட்டிருந்த பெஞ்சு ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தது. அங்கே உட்கார்ந்தால் தலைவரின் முழங்கை மட்டும்தான் தெரியும்.

சாவியக்கா சுரங்கப்பாதையைப் பற்றி மனப்பாடம் செய்துவந்ததை ஒப்பித்தாள். தலைவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"ரொம்ப முக்கியமான விஷயம்மா. குறிச்சுக்கிட்டோம்."

செயலாளர் தட்டச்சு செய்தார். சாவியக்காவுக்கு மனசு நிறைந்துபோயிற்று. கடைசியில் செயலாளர் அவள் காதருகே குனிந்தார். "கூட்டத்தை முடிக்கலாம்னு சொல்லுங்கம்மா. மக்கள் உறுப்பினர் சொன்னாத்தான் முடியும். அதுதான் விதி."

சொன்னாள். போட்டோ எடுத்தார்கள். வீட்டுக்கு ஓடினாள்.

"குறிச்சுக்கிட்டாங்கடி!" என்றாள் தங்கச்சியிடம்.

சாவிக் கடையில் குறிப்பது என்றால் சும்மா இல்லை. வெற்றுச் சாவியில் பல் எங்கே வரவேண்டும் என்று கீறிவிட்டால், அடுத்த வேலை அறுப்பதுதான். குறித்துவிட்டு அறுக்காமல் வைத்த சாவி அவள் கடையில் ஒன்றுகூடக் கிடையாது. அக்கா சொன்னால் தங்கச்சிக்கு வேதவாக்கு. ஒரு மழை நாளில், விளக்குப் போட்டிருப்பார்கள் என்று நம்பிச் சுரங்கப்பாதைக்குள் இறங்கினாள். வாசல் பக்கம் தெருவிளக்கு வெளிச்சம் விழுந்ததால், உள்ளே வளைவு திரும்பின பிறகுதான் தெரிந்தது, ஒன்றும் எரியவில்லை என்று. பின்னாலிருந்து ஒருவன் பையை இழுத்தான். விடாமல் பிடித்தாள். அந்தச் சாக்கடைத் தண்ணீரில் தரதரவென்று இழுத்துப் போட்டு மிதித்ததில் மணிக்கட்டு உடைந்தது.

அடுத்த கூட்டத்துக்கு, கையில் கட்டோடு தங்கச்சியும் வந்து தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். சாவியக்கா நடந்ததைச் சொன்னாள். தலைவர் நாக்கால் 'த்சொ த்சொ' என்றார். மீசையில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது.

"கேக்கவே கஷ்டமா இருக்கும்மா. குறிச்சுக்கிட்டோம். அடுத்தது என்ன?"

"போன தடவையும் குறிச்சீங்களே?" என்று சாவியக்கா செயலாளர் பக்கம் திரும்பினாள்.

செயலாளர் நல்ல மனிதர். பொறுமையாக விளக்கினார். "ஆமாம்மா, அது அப்பவே முடிஞ்சுபோச்சு. வேலை நடக்கணும்னா 'நடவடிக்கைக்கு அனுப்பறோம்'னு சொல்லுவாங்க. குறிச்சுக்கிட்டோம்னா அந்த விஷயத்த மூடியாச்சுன்னு அர்த்தம்."

"மூடியாச்சா?"

"இங்க எல்லாருக்கும் தெரியுமேம்மா."

சாவியக்காவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அந்த மேஜை விரிப்பு, அந்தப் பல்குச்சி, தட்டில் ஈ மொய்த்த பிஸ்கட், எல்லாமே குமட்டியது. தன் நல்ல புடவைகூடக் குமட்டியது. ஒப்புக்குச் சப்பாணியாக உட்காரவைத்திருக்கிறார்கள், அதுகூடத் தெரியாமல் நாமும் பல்லை இளித்துப் போட்டோவுக்கு நின்றோமே என்று இருந்தது.

அடுத்தது குழு உறுப்பினர்களுக்கான அடையாளச் சட்டை. மஞ்சளா, ஆரஞ்சா? போலீஸ் அதிகாரி முதல்முறையாகச் செல்போனைக் கீழே வைத்தார். மஞ்சள் சீக்கிரம் அழுக்காகும் என்றார். ஆரஞ்சு தன் நிறத்துக்கு எடுக்காது என்றார் தலைவர். அடித்துப் பிடித்து மஞ்சள் ஜெயித்தது. நடவடிக்கைக்கு அனுப்பினார்கள்.

"சரி, முடிச்சிடலாம். எனக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகணும்" என்று தலைவர் எழுந்து சட்டையை உதறினார்.

செயலாளர் குனிந்தார். "சொல்லுங்கம்மா."

"குறிச்சுக்கிட்டேன்" என்றாள் சாவியக்கா.

"இல்லம்மா, கூட்டத்தை முடிக்கலாம்னு..."

"அதைத்தான் குறிச்சுக்கிட்டேன்."

தலைவர் சிரித்துப் பார்த்தார். "ஏம்மா, நேரமாகுதும்மா."

"ரொம்ப முக்கியமான விஷயம்ங்க. குறிச்சுக்கிட்டேன்."

தூணுக்குப் பின்னால் தங்கச்சி களுக்கென்று சிரித்தாள். கை உடைந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. தலைவர் செயலாளரை முறைத்தார். செயலாளர் விதிப் புத்தகத்தை நீட்டினார். "விதி அப்படித்தாங்க இருக்கு. நீங்கதானே போட்டீங்க."

"என்னதாம்மா வேணும் உனக்கு?" தலைவரின் மரியாதை கழன்று விழுந்தது.

"சுரங்கப்பாதையில லைட்டு எரியணும். எரிஞ்சதும் சொல்றேன்."

தலைவர் போனை எடுத்து யாரையோ நாய், பேய் என்று திட்டினார். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு சுற்று டீ சொன்னார்கள். அந்த டீ வந்து சேர்வதற்குள் போன் வந்துவிட்டது.

"எரியுதாம்" என்றார் தலைவர். "ஃபியூஸ் போயிருந்துச்சாம். மாத்திட்டாங்களாம்." பிறகு முகம் பளிச்சென்று மலர்ந்தது. "பாத்தீங்களா! இதுதான் மக்கள் பங்கேற்பு!" என்று அவரே முதலில் கை தட்டினார். போலீஸ் அதிகாரியும் தட்டினார்.

ஃபியூஸ். வெறும் ஃபியூஸ். ஒரு டீ வருவதற்குள் முடிகிற வேலை. சாவியக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "முடிக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, போட்டோவுக்கு நிற்காமல் தங்கச்சியின் நல்ல கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பொழுது சாய்ந்திருந்தது. சுரங்கப்பாதையில் விளக்குகள் ஜெகஜோதியாக எரிந்தன. சுவர் முழுக்க மூத்திரக் கறை, தரையில் கறுப்புத் தண்ணீர், அதில் மிதக்கும் குப்பை, எல்லாம் இப்போது துல்லியமாகத் தெரிந்தது. வளைவுக்குப் பக்கத்தில் தங்கச்சியின் ஒற்றைச் செருப்பு சேற்றில் கிடந்தது.

"வாடி, லைட்டு எரியுது பாரு" என்றாள் சாவியக்கா.

தங்கச்சி முதல் படியில் கால் வைத்தாள். செருப்பைப் பார்த்தாள். கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"நீ போக்கா. நான் சுத்தியே வந்துடறேன்."